தேர்தலுக்கு முந்தின நாள் மருதாணி

எங்கள் காலனியில் தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்கள் மருதாணி அரைப்பார்கள். கல்யாண வீட்டு மருதாணி மாதிரி உள்ளங்கையில் கொடி, பூ, மயில் என்று எதுவும் கிடையாது. பத்து விரலுக்கும் தொப்பி மட்டும்தான். நகம் மூடி, முதல் கணு வரைக்கும் தடிமனாக அப்பி, பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு படுத்துவிடுவார்கள். காலையில் கழுவினால் விரல் நுனி எல்லாம் கருஞ்சிவப்பாக இருக்கும். அந்தக் கையோடுதான் ஓட்டுப் போடப் போவார்கள்.

ஒரு தேர்தலின்போது வெளியூரிலிருந்து வந்த ஒரு நிருபர் இதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். ஜனநாயகத்தைக் கல்யாணம் போலக் கொண்டாடும் பெண்கள் என்று எழுதினார். வழிவழியாக வந்த வழக்கம் என்று வேறு சேர்த்துக்கொண்டார். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அந்த வழக்கத்துக்கு என் மகளின் வயதுகூட இல்லை. அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குக் காரணமான காரியம் நடந்தபோது நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் எங்கள் ஊர். மேலத் தெருவில் நிலம் வைத்திருக்கிற குடும்பங்கள். கீழே காலனியில் நாங்கள். எங்கள் அப்பன் ஆத்தாள் காலத்தில் மேலத் தெருக்காரர்களின் காட்டில் களை எடுத்தோம், பருத்தி எடுத்தோம். மழை ஏமாற்றி ஏமாற்றி, பட்டாசு வந்து சேர்ந்தது. காட்டுக்கு நடந்துபோன கால்கள் கம்பெனி வேனில் ஏறின. கும்பிடு போடுகிற ஆள் மட்டும் மாறவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அந்த வேனை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கிறேன். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண் யார் என்றே தெரியாது, அவள் காதில் வயர், என் காதில் ஹாரன். வேன் அப்படி இல்லை. அதில் ஏறினால் ஊரில் எவள் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து எவள் மாமியார் எவளோடு பேசவில்லை என்பது வரைக்கும் தெரிந்துவிடும். டிரைவர் போடுகிற பாட்டு பிடிக்கவில்லை என்றால் கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுப்போம். அவர் மட்டும் எதிர்த்து ரெண்டு கையையும் ஸ்டியரிங்கை விட்டுத் தூக்குவார். நாங்கள் அலறுவோம். அந்த மாதிரி நேர்மையான தேர்தலை நான் அப்புறம் பார்த்ததே இல்லை.

எங்கள் கம்பெனி மத்தாப்புக் கம்பெனி. கம்பியை மருந்தில் முக்கி முக்கி எடுப்பது வேலை. சாயங்காலம் இறங்கும்போது கையெல்லாம் வெள்ளி மினுங்கும். ஆனால் சீசன் நேரத்தில் அந்தக் கூலி பத்தாது. வீட்டில் வைத்துக் கருந்திரி செய்வோம். வெடிக்குத் தீ வைக்கிற திரி அது. நூலைக் கருமருந்துக் கூழில் தோய்த்து இழுத்துக் காயவைக்க வேண்டும். விரலில் அந்தக் கறுப்பு ஏறிவிட்டால் நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். சோப்புக்கும் போகாது, புளிக்கும் போகாது. நகம் வளர்ந்து தானாகப் போனால்தான் உண்டு.

வீட்டில் வைத்துத் திரி செய்வது சட்டப்படி குற்றம். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை போலீஸ் வந்து, காய்ந்துகொண்டிருந்த திரியையும் என் மாமியாரையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. அதோடு எங்கள் வீட்டில் அந்த வேலையை விட்டுவிட்டோம். நூலும் மருந்தும் கொண்டுவந்து கொடுத்தவர் வீட்டுக்கு ஜீப் போகவில்லை. அவர் மேலத் தெரு. காலனியில் அவருக்குப் பெயர் நூல்காரர். எதிரே நின்று பேசும்போது மட்டும் மொதலாளி.

என் அடுத்த வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் கூடப் பிறந்தவளைவிட அதிகமாக என்னைத் திட்டியிருக்கிறாள். வேனில் அவள் இடம் கதவோரம். புருஷன் திருப்பூருக்குப் போனவர் போனவர்தான். ஒரே ஒரு விஷயத்தில் அக்காவுக்குத் தீராத கோபம். அது தண்ணீர்க் குழாய்.

மேலத் தெருவுக்குக் காலையிலும் சாயங்காலமும் குடிதண்ணீர் வரும். காலனிக் குழாயை மத்தியானம் பதினோரு மணிக்குத்தான் திறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் காலனியில் யார் இருப்பார்கள்? பெண்கள் அத்தனை பேரும் கம்பெனியில். ஆண்கள் லோடு ஏற்றப் போயிருப்பார்கள். வாசலில் வைத்துவிட்டுப் போகிற குடத்தைக் கிழவிகள் யாராவது நிரப்பி வைத்தால் உண்டு. இல்லையென்றால் ஆறு மணிக்கு வேனில் இறங்கி, வெள்ளி மினுங்குகிற கையோடு மேலத் தெருக் குழாயடிக்குப் போய் நிற்க வேண்டும். அவர்கள் பிடித்து முடித்து, மாட்டுக்கும் பிடித்து முடித்தால் நமக்கு. ஒருநாள் அக்கா குழாய் திறக்கிறவரிடம் கேட்டாள்.

“அண்ணே, எங்க கொளாய ஆறு மணிக்குத் தெறந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சா போகுது?”

“எங்கிட்ட கேட்டு என்ன செய்ய? மெம்பர்கிட்ட கேளுங்க.”

மெம்பர் மேலத் தெரு. கேட்டாள். பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போம் மூன்று கோடைக்கு நீண்டது.

அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மேலத் தெருவில் யாரும் கவலைப்படவில்லை. பெண்களுக்கு ஒதுக்கினால் பொண்டாட்டி பேரில் நிற்பது, அவ்வளவுதான். ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஏற்கெனவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பலகையில் ஒரு அம்மாவின் பெயர் இருக்கும், நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் இருப்பார். எங்கள் வார்டுக்கு நூல்காரர் தன் மனைவியை நிறுத்தினார். அந்த அம்மாவை நான் போஸ்டரில்தான் முதலில் பார்த்தேன். கும்பிட்டபடி நிற்கிற படத்தில்கூடப் பக்கத்தில் அவர் இருந்தார், அந்த அம்மாவைவிடப் பெரிதாக.

இந்தப் போஸ்டரை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் அக்கா சொன்னாள்.

“ஏ, நான் நிக்கட்டுமா?”

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, கை தூக்கச் சொன்னார். அத்தனை கையும் மேலே போனது. எனக்கு அந்தக் கைகள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. மத்தாப்பு வெள்ளியும் கருந்திரிக் கறுப்புமாக, ஒன்றுகூட சுத்தமான கை இல்லை.

அந்த மாதத்தைப் போல ஒரு மாதம் என் வாழ்க்கையில் அப்புறம் வரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, கல்யாணமானதைவிட, பிள்ளை பெற்றதைவிட அந்த ஒரு மாதம்தான் எனக்கு அதிகமாக நினைவிருக்கிறது. அக்காவுக்கு மூக்குக் கண்ணாடி சின்னம் கிடைத்தது. வளைந்து போன மத்தாப்புக் கம்பிகளைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்து, ஆளுக்கொரு கண்ணாடி செய்து மாட்டிக்கொண்டோம். வேனில் இருக்கிற அத்தனை பேரும் கம்பிக் கண்ணாடி. டிரைவர் அதைப் போட்டுக்கொண்டே சிவகாசி பஸ் ஸ்டாண்டு வழியாக வண்டி ஓட்டினார். டிராபிக் போலீஸ் நிறுத்தி, “என்னய்யா இது?” என்று கேட்டதற்கு, “பார்வை சரியில்ல சார்,” என்றார்.

சீட்டை எப்படி மடிப்பது என்று வேனிலேயே பழகினோம். எங்கள் பஞ்சாயத்தில் அப்போது ஓட்டுச் சீட்டுதான். முத்திரை குத்திவிட்டு நேராக மடித்தால் மை எதிர்ச் சின்னத்தில் ஒட்டி, ஓட்டு செல்லாமல் போய்விடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். காலண்டர் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு மடித்து மடித்துப் பார்த்தோம். முத்திரைக்குப் பதில் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டுவோம்.

மேலத் தெருக்காரர்களும் வந்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வருஷம் பூராவும் “ஏ புள்ள, இங்கன வா” என்று கூப்பிடுகிறவர்கள் ஓட்டுக்கு முந்தின பத்து நாளும் “வாங்க, என்ன சாப்பிட்டீகளா, பிள்ளைக நல்லாருக்கா?” என்று கேட்பார்கள். நாங்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அக்கா மட்டும் அதே மாதிரி திருப்பிக் கொடுப்பாள்.

“நாங்க சாப்பிட்டோம் மொதலாளி. நீங்க இங்கன சாப்பிடுறீகளா?”

நூல்காரர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை அவர்.

ஓட்டுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அவர் வீட்டுக்கு வீடு நூல் கொண்டுவந்து இறக்கினார். தீபாவளிக்கு அவசர ஆர்டர், உடனே வேண்டும் என்றார். வழக்கத்தைவிடக் கூலியும் கூட. சீசன் முடியப் போகிறது, இந்த லோடை விட்டால் அடுத்தது பொங்கல் கழித்துத்தான். எவள் வேண்டாம் என்பாள்? அக்காவும் வாங்கினாள். நான் கேட்டேன்.

“எலெக்‌ஷனை வச்சுக்கிட்டு அந்தாளு நூல வாங்குறியேக்கா.”

“நூலுக்கும் ஓட்டுக்கும் என்னடி? வேல வேற, ஓட்டு வேற.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலை வேறு, ஓட்டு வேறு என்று நம்பியதுதான் நாங்கள் செய்த தப்பு. எங்களைப் போல வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும்.

ஓட்டு அன்றைக்கு நான் அக்காவின் ஏஜெண்ட். நான் பிளஸ் டூ முடித்தவள், அதனால் வாக்குச்சாவடிக்குள் உட்காருகிற பெருமை எனக்கு வந்தது. கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்து பெஞ்சில் ஒரு முனையில் நான், மறுமுனையில் மனைவிக்கு ஏஜெண்டாக நூல்காரர். நடுவில் ரெண்டு ஆள் உட்காரும் இடம் காலியாக விட்டிருந்தார். அவரோடு ஒரே பெஞ்சில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை. வாக்குச்சாவடிக்குள் போய்விட்டால் எல்லோரும் ஒன்று என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குக் காலையில் பெஞ்சில் உட்கார்ந்தபோது உண்மையாகவே தெரிந்தது.

அரை மணி நேரம்தான் தெரிந்தது.

காலனியிலிருந்து முதலில் வந்தவள் எங்கள் தெரு முனை வீட்டுக்காரி. அதிகாரி விரலைக் காட்டச் சொன்னார். மேற்கே மலையடிவாரத்துப் பக்கமிருந்து தேர்தல் வேலைக்கு வந்திருந்த வாத்தியார் அவர். நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர். அவள் இடது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல் நகக்கண் கறுப்பாக இருந்தது.

நூல்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“சார், இந்தம்மா ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருக்கு. விரல்ல மை இருக்கு பாருங்க. நான் அப்ஜெக்‌ஷன் பண்றேன்.”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. அந்த நூலை அவர்தானே கொடுத்தார்.

“என்னம்மா கறை இது?” என்றார் அதிகாரி.

அவள் வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தாள். நூல்காரரைப் பார்த்தாள்.

“வேலக் கறை சார்.”

“என்ன வேலை?”

“மத்தாப்புக் கம்பெனி சார்.”

“மத்தாப்பு வெள்ளையால்ல சார் இருக்கும்,” என்றார் நூல்காரர், மெதுவாக, உதவி செய்கிற குரலில். “இது கறுப்பு. கம்பெனியில கறுப்புக்கு வேலையே கெடையாது.”

கருந்திரி என்று சொன்னால் ஓட்டு கிடைக்கும், ஆனால் வீட்டில் காய்ந்துகொண்டிருக்கும் திரிக்குப் போலீஸ் வரும். சொல்லாவிட்டால் ஓட்டு போகும். அவள் ஓட்டை விட்டுவிட்டு வெளியே போனாள். அடுத்தவள் அடுப்புக் கரி என்றாள். அதிகாரி சோப்பு வாங்கிவரச் சொல்லிக் கழுவிப் பார்க்கச் சொன்னார். கரியாக இருந்தால்தானே போகும். அவளும் போனாள். அதற்கடுத்தவள் உள்ளேயே வரவில்லை, வாசலில் நின்று நடந்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். நான் எழுந்து, மை ஊதாவாக இருக்கும், இது ஊதா இல்லை, நகத்துக்கு மேலே இல்லை, ஓரத்தில்தான் இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னேன். அதிகாரி ரெண்டு பக்கமும் பார்த்தார். அவருக்குச் சாயங்காலம் பெட்டியோடு பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என்று முகத்திலேயே தெரிந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பள்ளிக்கூட வேப்ப மரத்தடியில் எங்கள் வேன் முழுக்க உட்கார்ந்திருந்தது. சிலர் கம்பிக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். எல்லாப் பெண்களும் கைகளைச் சேலைக்குள் மறைத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அழவில்லை.

அவர் திட்டம் போட்டுத்தான் அந்த லோடைக் கொடுத்தாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தாளுக்கு அம்புட்டு மூளை கிடையாது, கண்ணுக்கு முன்னால் வாய்ப்பு வந்தது, பிடித்துக்கொண்டார் என்று அக்கா சொல்வாள். இருக்கலாம். கையில் அதிகாரம் இருக்கிறவனுக்குத் திட்டம் எதற்கு, எது நடந்தாலும் அவன் பக்கம்தானே சாயும்.

அக்கா வேட்பாளர் என்பதால் உள்ளே வர அவளைத் தடுக்க முடியாது. வந்தாள். எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, கம்பிக் கண்ணாடி கிடையாது. நேராக அதிகாரியின் மேசைக்குப் போய் ரெண்டு கையையும் விரித்து வைத்தாள்.

“சார், இங்கன பாருங்க. பத்து வெரலும் கறுப்பு. நான் என்ன பத்து ஓட்டா போட்டுட்டு வந்தேன்?”

வரிசையில் நின்ற மேலத் தெருப் பெண்களில்கூட ஒருத்தி சிரித்துவிட்டாள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“அப்ப இது என்னதும்மா?”

அக்கா திரும்பிப் போலீஸ்காரரைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“கருந்திரி சார். வீட்ல வச்சு செய்றோம். தப்புதான். நூலும் மருந்தும் யாரு கொண்டாந்து குடுக்குறாகன்னு கேளுங்க, அதையும் சொல்லிட்டு ஓட்டுப் போடுறேன்.”

தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நூல்காரர் அதையே அண்ணாந்து பார்த்தார். ஊராட்சி போட்ட விசிறி, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அப்புறம் உட்கார்ந்தார்.

“சரி சார், போடட்டும். பொம்பளைக பாவம். எனக்கு அப்ஜெக்‌ஷன் இல்ல.”

திரும்பிப் போனவர்களையும் அதிகாரி கூப்பிட்டுவிட்டார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த மொத்த வேனும் எழுந்து வந்தது. ஒவ்வொருத்தியும் மேசையில் கையை விரித்து வைத்துவிட்டுத்தான் சீட்டு வாங்கினாள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே வைத்தார்கள். அதைப் பார்க்க நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பதவி.

அக்கா ஜெயித்தாள். விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் வித்தியாசம். “நூல்காரர் வீட்டம்மா ஓட்டும் நமக்குத்தான் விழுந்துருக்கும்,” என்று வேனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். விழுந்திருந்தாலும் விழுந்திருக்கும். அந்த அம்மா ஓட்டுப் போட வந்தபோது புருஷனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஜெயித்த கையோடு துணைத் தலைவர் தேர்தல் வந்தது. அதில் எங்களுக்கு ஓட்டு இல்லை, வார்டு மெம்பர்கள் மட்டும் கூடித் தேர்ந்தெடுப்பது. மேலத் தெருப் பங்காளிகள் ரெண்டு பேர் போட்டி. ஆளுக்குச் சரிபாதி மெம்பர்கள். மீதி இருந்தது அக்கா ஒருத்தி. ரெண்டு தரப்பும் காலனிக்கு வந்தது. என் வீட்டிலிருந்துதான் நாற்காலி எடுத்துப் போட்டோம். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் யார் யார் என்னென்ன கேட்பார்கள் என்று ஊருக்கே தெரியும்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். எங்க கொளாய ஆறு மணிக்குத் தெறக்கச் சொல்லுங்க. மொதல்ல தண்ணி வரட்டும், அப்புறம் ஓட்டு.”

மறுநாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கினோம். காலனிக் குழாயடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் குடம் எடுக்க ஓடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தோம். அப்புறம் அக்காதான் கத்தினாள்.

“என்னடி வேடிக்க பாக்குறீக, தண்ணி வீணாப் போகுது!”

துணைத் தலைவர் தேர்தலில் அவள் யாருக்குப் போட்டாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. ரகசிய ஓட்டு, சொல்லக்கூடாதாம்.

தீபாவளி முடிந்த மறுவாரம் ஜீப் வந்தது. காலனியில் எங்கள் வீடு தவிர அத்தனை வீட்டிலும் விரல் கறுப்பாக இருந்தது. ஜீப் அக்கா வீட்டுக்கு மட்டும் வந்தது. கேட்டதற்கு, அந்தம்மாவே ஒத்துக்கொண்டதுதானே என்றார்கள். ஜாமீனில் வந்தாள். தினமும் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஊராட்சிக் கூட்டத்தையும் அதே நேரத்துக்குத்தான் வைத்தார்கள். கேஸ் இருக்கிறது என்று கம்பெனி வேன் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. கதவோரத்து இடத்தில் நாங்கள் யாரும் உட்காராமல் கொஞ்ச நாள் காலியாக வைத்திருந்தோம். அப்புறம் புதுசாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள், அவளுக்கு என்ன தெரியும்.

ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டும் ஒரே எடை என்கிறார்கள். பெட்டிக்குள் விழுந்த பிறகு அப்படித்தான். பெட்டி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சும்மா நடந்து வருகிறார், இன்னொருத்தி சிறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போட வேண்டியிருக்கிறது. அடுத்த தேர்தலுக்குள் வார்டு எல்லையை மாற்றினார்கள். எங்கள் தெரு ரெண்டாகப் பிரிந்தது, ஒரு பாதி மேலத் தெருவோடு, மறுபாதி பக்கத்து வார்டோடு. நானும் அக்காவும் சுவரோடு சுவர் ஒட்டின வீடு, ஆனால் வேறு வேறு வார்டு. இரண்டிலும் நாங்கள் எண்ணிக்கையில் குறைச்சல். அதற்கப்புறம் காலனியிலிருந்து யாரும் ஜெயிக்கவில்லை. யாரும் எங்கள் ஓட்டைத் திருடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வார்டு வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள், அவ்வளவுதான்.

அக்காவை ஜீப் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகுதான் மருதாணி வந்தது. அடுத்த ஓட்டுக்கு முந்தின நாள் யார் ஆரம்பித்தார்களோ, எல்லா வீட்டிலும் அரைத்தார்கள். விரல் முழுக்கச் சிவந்துவிட்டால் உள்ளே இருக்கிற கறுப்பு தெரியாது. யாரும் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. பயத்தை எப்படி அழகாகப் பூசிக்கொள்வது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது வைக்கிற சின்னப் பெண்களுக்குக் காரணம் தெரியாது. கைக்கு நல்லது, குளிர்ச்சி என்கிறார்கள்.

அக்கா மட்டும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

“நான் என்ன களவாண்டா வந்தேன், கைய மறைக்க?”

அவள் கை இப்போதும் கறுப்புதான். கேஸுக்கு அப்புறம் அவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. ரெண்டு சீசன் கழித்து நூல்காரரே நூல் கொடுத்தனுப்பினார். அக்கா திரி இழுத்தால் அறுந்துபோகாது, ஆர்டர் நேரத்துக்கு முடியும். கொடுக்க அவருக்கும் வெட்கமில்லை, வாங்காமல் இருக்க இவளுக்கும் வழியில்லை.

இந்தத் தடவை சட்டமன்றத் தேர்தல். அதே பள்ளிக்கூடம், சீட்டுக்குப் பதில் மிஷின். வெயில் தாழட்டும் என்று கடைசி நேரத்தில் நானும் அக்காவும் போனோம். என் விரல் சுத்தமாக இருந்தது. தகரம் அடிக்கிற வேலையில் கீறல் விழும், கறை விழாது. அதிகாரி ஒரு சின்னப் பெண், என் கையைப் பார்க்காமலேயே மை வைத்தாள். எனக்கு அடுத்து அக்கா கையை நீட்டினாள். அந்தப் பெண்ணின் குச்சி அப்படியே நின்றது. என்னைத் தவிர, காலனியிலிருந்து அதுவரை வந்த பெண்கள் அத்தனை பேர் விரலும் சிவப்பு. இது ஒன்றுதான் கறுப்பு.

“என்னம்மா இது?”

“கருந்திரி, தாயி.”

ஏஜெண்டுகள் உட்காருகிற பெஞ்சில் நூல்காரரின் மகன் உட்கார்ந்திருந்தான். அப்பா மாதிரியே மின்விசிறியைப் பார்த்தான். யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை. அந்தப் பெண் மையைத் தொட்டு அக்காவின் நகத்தில் வைத்தாள். குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை வைத்தாள்.

“தெரியவே இல்லையேம்மா.”

“தெரியாட்டி என்ன? வச்சது வச்சதுதான்.”

வெளியே வந்து நடந்தோம். வழியில் அக்கா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எது திரி, எது மை என்று அவளுக்கும் தெரியவில்லை. “ஓட்டுப் போட்டேன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்டி,” என்று சிரித்தாள். காலனி முக்கு திரும்பும்போது குழாயடியில் சின்னப் பெண்கள் சிவந்த விரல்களோடு குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றார்கள். ஏன் ஆறு மணி என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அக்கா உள்ளே போய்த் தன் குடத்தை எடுத்து வந்து வரிசையில் கடைசியாக வைத்தாள்.

ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது.